புளியில் இருக்கும் கை
(மூன்றாம் ஆண்டு வேதிப் பொறியியல் மாணவன் எழுதியது)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று மலர்க்குழு நண்பர்கள் என்னைப் பிடித்தபோது, "எனக்குக் கவிதை வராதுப்பா" என்று நழுவத்தான் பார்த்தேன். "அப்படின்னா உனக்குத் தெரிஞ்ச பாடத்தைப் பத்தி எழுது" என்றார்கள். எனக்குத் தெரிந்த பாடம் என்றால், நான் அரியர் வைத்த பாடம்தான்! கரிம வேதியியலில் பதிலீட்டு வினை என்று ஒரு பகுதி உண்டு. எஸ்.என்.1, எஸ்.என்.2, வலக்கை, இடக்கை, கண்ணாடி பிம்பம்... முதல் தடவை மனப்பாடம் செய்து எழுதினேன். போய்விட்டது. இரண்டாம் தடவை புரிந்துகொண்டு எழுதினேன். வந்துவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அப்பாவின் மாத்திரை

எங்கள் ஊர் காரியாபட்டி. அப்பா பட்டாசுத் தொழிலாளி. விடியற்காலையில் கம்பெனி வேன் வரும், ஏறிப் போவார். கலர் கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடுக்கும் வேலை. சிவப்பு எரிவது சிவப்புப் பெட்டிக்கு, பச்சை எரிவது பச்சைப் பெட்டிக்கு.

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. சளியைச் சோதித்து டி.பி. என்றார்கள். தெருவில் எல்லோரும் "பட்டாசு மருந்துத் தூசி நெஞ்சில் ஏறிருச்சு" என்றார்கள். அது சரியில்லை. டி.பி. ஒரு கிருமியால் வருவது. காற்றில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது.

அரசாங்க மருந்து இலவசம். ஒரே மாத்திரைக்குள் நான்கு மருந்து. ஐசோநியாசிட் 75 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தம்பியூட்டால் 275. எடை பார்த்துத்தான் எண்ணிக்கை. அப்பா 46 கிலோ, ஆகவே தினம் மூன்று. முதல் இரண்டு மாதம் இந்த நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். வீட்டிலிருந்தபடியே சாப்பிடலாம்.

டி.பி. நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களையும், சானடோரியத்தில் படுக்க வைத்து மருந்து கொடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, பலன் ஏறத்தாழ ஒன்றுதான் என்று 1959-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்பாவுக்கு இருமல் நின்றது, எடையும் ஏறியது. நாலாவது மாதம் ஒருநாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தவர், "ஏய்யா, இன்னைக்குப் பச்சைப் பெட்டியில சிவப்பை அடுக்கிட்டேன்னு போர்மேன் சத்தம் போட்டாரு. எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான்யா தெரியுது" என்றார்.

அம்மா கூடையிலிருந்து ஒரு பச்சை மிளகாயையும் ஒரு பழுத்த மிளகாயையும் எடுத்து அவர் முன்னால் நீட்டினார். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொட்டுப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புள்ளிப் புள்ளியாக எண் எழுதிய அட்டைகளைக் காட்டி டாக்டர் படிக்கச் சொன்னார். பாதிக்கு மேல் அப்பாவுக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னார்: "எத்தம்பியூட்டால்னு ஒரு மருந்து. சில பேருக்குக் கண் நரம்பைத் தொடும். அதை மட்டும் நிறுத்துறேன். மத்த மாத்திரையை விட்டுறக் கூடாது."

அந்தப் பெயரை என் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அதைத் தேடிப் போனபோது, நான் அரியர் வைத்திருந்த பாடம் முழுதும் அதற்குள்ளே உட்கார்ந்திருந்தது!

சங்கும் புளியும்

முதலில் 'கை' என்றால் என்ன? வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் ஒரே தோல், ஒரே அளவு, ஒரே விலை. கண்ணாடியில் ஒன்றைக் காட்டினால் மற்றது தெரியும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இப்படி உண்டு. ஒரு கார்பனுக்கு நான்கு கைகள். அவை தட்டையாக இல்லாமல், நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இதை 1874-ல் வான்ட் ஹாஃப், லெ பெல் என்ற இருவர் தனித்தனியே சொன்னார்கள். நான்கு கையிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருந்தால் அது சீர்மையற்ற கார்பன். அப்போது அந்த மூலக்கூறுக்கு வலம், இடம் என்று இரண்டு வடிவம் வந்துவிடும்.

இரண்டுக்கும் உருகுநிலை ஒன்று, கொதிநிலை ஒன்று. வித்தியாசம் எங்கே தெரியும்? முனைவுற்ற ஒளியை உள்ளே விட்டால் ஒன்று வலப்பக்கம் திருப்பும், மற்றது அதே அளவு இடப்பக்கம் திருப்பும். இரண்டையும் சரிபாதி கலந்தால் திருப்பமே இல்லை. அதுதான் சுழிமாய்க் கலவை.

இதற்கு நல்ல உதாரணம் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. புளி! அதன் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் அதே அமிலம்தான். இயற்கை அதை ஒரு கையாகவே செய்கிறது, ஒளியை வலப்பக்கம் திருப்பும் வடிவமாக. 1848-ல் லூயி பாஸ்டர் இந்த அமிலத்தின் சுழிமாய் வடிவத்திலிருந்து கிடைத்த உப்புப் படிகங்களை உற்றுப் பார்த்து, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருந்த இரண்டு வகையைக் கையாலேயே பிரித்தெடுத்தார். கரைத்துப் பார்த்தால் ஒன்று வலம் திருப்பியது, மற்றது இடம் திருப்பியது. நூறு வருடம் கழித்து, 1951-ல் ஹாலந்து நாட்டு பைவூட் எக்ஸ்ரே மூலம் ஒரு மூலக்கூறின் உண்மையான கை எது என்று முதன்முதலாகக் கண்டுபிடித்ததும் இதே அமிலத்தின் உப்பில்தான்.

இங்கே மாணவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ஒளியைத் திருப்பும் திசைக்குக் கூட்டல், கழித்தல் குறி. மூலக்கூறின் அமைப்புக்கு ஆர், எஸ் என்று பெயர். இரண்டும் வேறு வேறு கணக்கு! எஸ் என்பது இடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனாலும் எஸ் வடிவம் ஒளியை வலப்பக்கம் திருப்பலாம். 'அதெப்படி?' என்று கேட்காதீர்கள். நாம் லட்சுமி கடாட்சம் என்று கொண்டாடும் வலம்புரிச் சங்கை உயிரியல் புத்தகம் இடச்சுழிச் சங்கு என்றுதான் சொல்லும். சங்கு ஒன்றுதான். எந்தப் பக்கம் பிடித்துப் பார்க்கிறோம் என்பதில்தான் பெயர் மாறுகிறது.

பஸ் சீட்டும் பதிலீடும்

இப்போது பதிலீட்டு வினைக்கு வருவோம். கார்பனைப் பிடித்திருக்கும் ஒரு தொகுதி வெளியேற, அந்த இடத்துக்கு இன்னொன்று வருவது பதிலீடு. வெளியேறுவது பெரும்பாலும் குளோரின், புரோமின், அயோடின். வருவது எலக்ட்ரான் இணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒட்ட இடம் தேடும் கருக்கவர் பொருள்.

மதுரை – அருப்புக்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். சீட்டு கிடைக்க இரண்டே வழி.

முதல் வழி: காரியாபட்டி வருகிறது, உட்கார்ந்திருந்தவர் எழுந்து இறங்குகிறார். சீட்டு காலி. பிறகு இந்தப் பக்கம் நிற்பவரும் உட்காரலாம், அந்தப் பக்கம் நிற்பவரும் உட்காரலாம். இதுதான் எஸ்.என்.1. வெளியேறும் தொகுதி முதலில் போய்விடுகிறது. மிஞ்சுவது கார்பன் நேரயனி. அது தட்டையானது. இரண்டு முகத்திலிருந்தும் தாக்கலாம். ஆகவே ஒரு கையாகத் தொடங்கியது கிட்டத்தட்ட சுழிமாய்க் கலவையாக முடிகிறது. 'கிட்டத்தட்ட' என்று ஏன் சொல்கிறேன்? இறங்கியவர் சில சமயம் படிக்கட்டிலேயே நின்று வழியை மறிப்பார் அல்லவா? அதுபோல வெளியேறிய தொகுதி அருகிலேயே நிற்பதால், எதிர்ப்பக்கத் தாக்குதல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

இந்த வழியில் வேகத்தைத் தீர்மானிப்பது இறங்குகிறவர்தான். எத்தனை பேர் நின்றுகொண்டிருந்தாலும் அவர் எழுந்தால்தான் சீட்டு. அதனால் கருக்கவர் பொருளின் செறிவைக் கூட்டினாலும் வேகம் கூடாது.

இரண்டாம் வழி: உட்கார்ந்திருப்பவர் எழும்போதே இன்னொருவர் எதிர்ப்பக்கமிருந்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. இது எஸ்.என்.2. வருவதும் போவதும் ஒரே நேரத்தில். இங்கே இருவரையும் பொறுத்துத்தான் வேகம். தாக்குதல் எப்போதும் பின்பக்கமிருந்துதான். வெளியேறும் தொகுதிக்கு நேர் எதிரே. அப்போது மற்ற மூன்று தொகுதிகளும் காற்றில் குடை மடங்குவது போல மறுபக்கம் மடங்கிவிடும். வலக்கை இடக்கையாகிவிடும்.

எந்த மூலக்கூறு எந்த வழியில் போகும்? கார்பனைச் சுற்றி இடமிருந்தால் எஸ்.என்.2. மூன்று பெரிய தொகுதிகள் அடைத்துக்கொண்டிருந்தால் பின்பக்கம் நுழைய முடியாது. அந்த மூன்று தொகுதிகளே நேரயனியைத் தாங்கிப் பிடிக்கவும் செய்யும். ஆகவே எஸ்.என்.1. இதைப் புரிந்துகொண்டால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கண்ணால் காணாததை எப்படிக் கண்டார்கள்?

'பின்பக்கமிருந்துதான் தாக்குகிறது என்று யார் பார்த்தது?' இந்தக் கேள்வியை நான் வகுப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெட்கம்!

1896-ல் ரீகா நகரத்தில் பால் வால்டன் ஒரு வேடிக்கையைக் கண்டார். இடப்பக்கம் திருப்பும் மாலிக் அமிலத்தைப் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடால் குளோரோ சக்சினிக் அமிலமாக மாற்றினார். அதைச் சில்வர் ஆக்சைடும் தண்ணீரும் சேர்த்துத் திரும்ப மாலிக் அமிலமாக்கினார். வந்தது வலப்பக்கம் திருப்பும் மாலிக் அமிலம்! போன வழியே திரும்பி வந்தால் வீடு கண்ணாடி பிம்பமாக நிற்கிறது. இரண்டு படியில் ஒன்று கையைத் திருப்புகிறது, மற்றது திருப்பவில்லை. ஆனால் எது என்று அப்போது தெரியவில்லை.

1935-ல் லண்டனில் ஹியூஸ் குழுவினர் ஒரு அருமையான சோதனை செய்தார்கள். ஒரே கையுள்ள 2-அயோடோ ஆக்டேன். அதோடு கதிரியக்க அயோடின் கொண்ட அயோடைடு உப்பு. கரைப்பான் அசிட்டோன். அயோடின் போய் அயோடினே வருவதால் பொருள் மாறாது. ஆனால் வந்தது புது அயோடின் என்பது கதிரியக்கத்தால் தெரிந்துவிடும். கை மாறியதா என்பது ஒளித் திருப்பத்தால் தெரிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 100 மூலக்கூறும் வலக்கை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் மட்டும் அயோடின் மாறி, அது இடக்கையாகிவிட்டது. இப்போது வலம் 99, இடம் 1. அந்த ஓர் இடம், ஒரு வலத்தின் திருப்பத்தை அடித்துவிடும். மிச்சம் 98. ஆக, ஒரு மாற்றத்துக்கு இரண்டு குறைகிறது. இரண்டு பக்கமும் சமமாகத் தாக்கியிருந்தால், சராசரியாக ஒன்றுக்கு ஒன்றுதான் குறையும். சோதனையில் வந்தது என்ன? அயோடின் மாறும் வேகத்தைப்போலச் சரியாக இரண்டு மடங்கு வேகத்தில் ஒளித் திருப்பம் அழிந்தது. ஒவ்வொரு தாக்குதலும் பின்பக்கமிருந்துதான்! மூலக்கூறை யாரும் பார்க்கவில்லை. வெறும் ஒரு விகிதம் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாத்திரைக்குள் மூன்று வடிவம்

இப்போது அப்பாவின் எத்தம்பியூட்டால். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தார் கண்டுபிடித்து 1961-ல் வெளியிட்ட மருந்து. காசநோய்க் கிருமி தன் சுவரைக் கட்டுவதைத் தடுக்கும். அதைச் செய்யும் முறை நம் பாடத்தில் வரும் பதிலீட்டு வினையேதான்!

நடுவில் 1,2-டைகுளோரோ ஈத்தேன். இரண்டு கார்பன், இரண்டு முனையிலும் ஒவ்வொரு குளோரின். இரண்டு பக்கமும் 2-அமினோ பியூட்டனால் வந்து, தன் நைட்ரஜனிலுள்ள எலக்ட்ரான் இணையால் தாக்குகிறது. குளோரின் வெளியேற, நைட்ரஜன் அங்கே அமர்கிறது. எஸ்.என்.2. இரண்டு முனையிலும் நடந்தால் எத்தம்பியூட்டால் தயார்.

அப்படியானால் கை திரும்பிவிடாதா? தேர்வில் நான் தவறவிட்டது இதைத்தான். தாக்குதல் நடப்பது டைகுளோரோ ஈத்தேனின் கார்பனில். அதில் இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால் அதற்குக் கையே கிடையாது. கை உள்ள கார்பன் அமினோ பியூட்டனாலில் இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. ஆகவே எந்தக் கையோடு உள்ளே போகிறதோ அதே கையோடு மருந்தில் நிற்கும். 'எஸ்.என்.2 என்றால் தலைகீழ்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. எந்தக் கார்பனில் நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கை கலந்த அமினோ பியூட்டனாலைப் போட்டால்? இரண்டு முனையிலும் எது வேண்டுமானாலும் வரலாம். கால் பங்கு எஸ்-எஸ், கால் பங்கு ஆர்-ஆர், பாதி ஒரு முனை எஸ் மறுமுனை ஆர். இந்தக் கடைசி வடிவத்துக்கு மீசோ என்று பெயர். தனக்குள்ளேயே பாதி பாதியைச் சரிக்கட்டி, ஒளியைத் திருப்பாமல் நிற்கும். புளியின் டார்டாரிக் அமிலத்துக்கும் இதே மூன்று வடிவம் உண்டு. எத்தம்பியூட்டாலில் மருந்தாக வேலை செய்வது எஸ்-எஸ் மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் கிருமியைத் தடுக்கும் சக்தி மிகக் குறைவு. அப்படிச் செய்தால் முக்கால் பங்கு வீண் சுமை.

ஆகவே தொடக்கத்திலேயே கையைப் பிரித்துவிட வேண்டும். எதை வைத்துப் பிரிக்கிறார்கள் தெரியுமா? டார்டாரிக் அமிலத்தை வைத்துத்தான்! ஒரே கையுள்ள அமிலத்தை, கை கலந்த அமினோ பியூட்டனாலோடு சேர்க்கிறார்கள். வலக்கையோடு வலக்கை குலுக்குவதும், வலக்கையோடு இடக்கை குலுக்குவதும் ஒன்றா? பிடி வேறு. அதுபோல இரண்டு உப்புகள் உண்டாகும். அவை ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் அல்ல. கரையும் தன்மையும் வேறு. ஒன்று முதலில் படிகமாகி இறங்கும். வடித்துப் பிரித்து, அமிலத்தை நீக்கினால் தனிக் கை கையில். தொழிற்சாலைக்கு இந்த அமிலம் பெரும்பாலும் திராட்சை மது வண்டலிலிருந்து கிடைக்கிறது. என்றாலும் அம்மா ரசத்துக்குக் கரைக்கும் புளியில் இருப்பதும் அதே கைதான்.

அப்பாவின் கண்

இங்கே ஒரு தவறான செய்தியைச் சொல்லியாக வேண்டும். 'எத்தம்பியூட்டாலின் ஒரு கை டி.பி.யைக் குணமாக்கும், மறு கை கண்ணைக் குருடாக்கும்' என்று பல இடத்தில் எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படியில்லை. அப்பா சாப்பிட்டது கை பிரித்த சுத்தமான எஸ்-எஸ் மருந்துதான். கண் கோளாறு அதனாலேயே வரும். அது மருந்தின் அளவையும், சாப்பிட்ட நாளையும் பொறுத்தது. இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ரத்தம் பரிசோதித்தபோது சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது தெரியவந்தது. மருந்து வெளியேறாமல் உடம்பில் தங்கியிருக்கிறது.

கையைப் பிரித்ததால் கிடைத்த லாபம் என்னவென்றால், வேலை செய்யாத வடிவங்களின் சுமை இல்லாமல் குறைந்த அளவிலேயே பலன் கிடைப்பது. ஆபத்து போய்விடவில்லை. குறைந்திருக்கிறது. வேதியியல் செய்யக்கூடியது அவ்வளவுதான். மீதியை நோயாளியின் வாயும் டாக்டரின் காதும்தான் செய்ய வேண்டும்.

எத்தம்பியூட்டாலை நிறுத்தியபின் அப்பா மற்ற மருந்துகளை டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட்டு முடித்தார். டி.பி. குணமானது. நிறம் திரும்ப மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பெட்டி அடுக்காமல் கட்டுப் போடும் வேலை பார்த்தார். ஒருநாள் காலையில் வேனுக்குக் கிளம்பும்போது கூடையைப் பார்த்து, "என்ன, இன்னைக்கு மிளகாய் பூராம் பழுத்துக் கிடக்கு?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாயங்கால மங்கல் வெளிச்சத்தில் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. ஆனால் மறுபடியும் சிவப்பைச் சிவப்புப் பெட்டியில்தான் அடுக்குகிறார்.

முடிவாக...

நண்பர்களே! தேர்வுக்கு மூன்று கேள்வி போதும். எந்தக் கார்பனில் பதிலீடு நடக்கிறது? அந்தக் கார்பனுக்குக் கை உண்டா? வருகிறவன் பின்பக்கமிருந்து வருகிறானா, காலி சீட்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் வருகிறானா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மிச்சம் தானாக வந்துவிடும்.

தேர்வுக்கு வெளியேயும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதியில் யாராவது டி.பி. மாத்திரை சாப்பிட்டால் இரண்டு விசயம் சொல்லுங்கள். சிவப்பும் பச்சையும் மங்கினாலோ, பார்வை குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும், தாமதித்தால் உறுதி இல்லை. அதே சமயம் பயந்துபோய்த் தாங்களாகவே மாத்திரையை விட்டுவிடக் கூடாது. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

அரியர் விழுந்தபோது "எதுக்குய்யா இந்தப் படிப்பு, எங்கூட வேனுக்கு வந்துரு" என்று அப்பா ஒருமுறை சொன்னதுண்டு. மறு தேர்வில் பாஸ் ஆன அன்று, அவர் சாப்பிட்ட மாத்திரையின் படத்தை நோட்டில் வரைந்து, "இந்தக் கார்பனுக்குத்தான்பா கை இருக்கு" என்று காட்டினேன். அப்பா நோட்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சிவப்புப் பேனாவுல எழுதியிருக்க போல" என்றார்.

ஆமாம். சிவப்பில்தான் எழுதியிருந்தேன்.